கர்ப்ப கால ஃபைலைப் படிப்பது எப்படி: முதல் தேதியிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வரை

மகப்பேறு ஃபைலில் இருக்கும் சொற்களில் பாதி சுருக்கெழுத்து. மீதி, அன்றாடம் வேறு பொருளில் நாம் பேசும் சொற்கள். வீட்டில் கலக்கத்தை உண்டாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். 'ரியாக்டிவ்' என்ற ஒரே சொல் ஒரு பக்கத்தில் நல்ல செய்தி, இன்னொரு பக்கத்தில் கெட்ட செய்தி. 'ஐ.யூ.டி.' என்றால் ஓரிடத்தில் காப்பர்-டி, வேறோர் இடத்தில் வயிற்றிலேயே இறந்துபோன சிசு. அதனால் சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, ஃபைலில் அவை வரும் வரிசையிலேயே படித்துப் பழகுவது நல்லது. முதல்முறை கர்ப்பமானவருக்கும், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகப்போகும் கணவர், அம்மா, மாமியாருக்கும் இது.

1. முதலில் தேதி

முதல் பக்கத்தின் மேலேயே எல்.எம்.பி. என்று இருக்கும். கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாள் அது. விலக்கு முடிந்த நாளும் அல்ல, தலைக்குக் குளித்த நாளும் அல்ல. "எப்போ தலைக்குக் குளிச்சே?" என்று வீட்டில் கேட்டுப் பழகியவர்கள் மூன்றாம் நாளையோ ஐந்தாம் நாளையோ சொல்லிவிடுகிறார்கள், பிறகு கணக்கு முழுவதும் அத்தனை நாள் தள்ளிப்போகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 28 நாள் சுழற்சி இல்லாதவருக்கு இந்தத் தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தவறும்.

இ.டி.டி. என்பது பிரசவம் எதிர்பார்க்கும் தேதி. எல்.எம்.பி.யோடு 7 நாளைக் கூட்டி, 9 மாதம் முன்னே போக வேண்டும். 2025 ஏப்ரல் 5 என்றால் 7 நாள் கூட்ட ஏப்ரல் 12, அங்கிருந்து 9 மாதம் போனால் 2026 ஜனவரி 12. ஸ்கேன் எந்திரம் 280 நாளை ஒவ்வொன்றாக எண்ணும். அதற்கு ஜனவரி 10 வரும். இந்த ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் மாதங்களின் நீளத்தால் வருவது, யாருடைய தவறும் அல்ல. 'பத்து மாதம் சுமந்தேன்' என்று நம் ஊரில் சொல்வதும் இதே 280 நாள்தான்: 28 நாள் கொண்ட பத்து மாதம்.

இனி, பல வீடுகளில் தேவையில்லாத மனக்கசப்பைக் கிளப்பும் இடம். "கல்யாணமாகி அஞ்சே வாரம்தான் ஆகுது, ஸ்கேன்ல ஏழு வாரம்னு போட்டிருக்கே?" கர்ப்பத்தின் வாரக்கணக்கு கரு உண்டான நாளிலிருந்து தொடங்குவதில்லை; எல்.எம்.பி.யிலிருந்து தொடங்குகிறது. கருமுட்டை வெளிவருவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே எல்லாக் கர்ப்பத்திலும் முதல் இரண்டு வாரம் கணக்கில்தான் இருக்கும், வயிற்றில் இருக்காது. ஏழு வாரம் என்று எழுதினால் கருவின் உண்மையான வயது ஐந்து வாரம். இதை மாமியாருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியது கணவர்.

'28+3' என்று எழுதியிருந்தால் 28 வாரமும் 3 நாளும். ஆஸ்பத்திரியில் மாதம் சொல்லாதீர்கள், வாரம் சொல்லுங்கள். 'ஏழாம் மாதம்' என்று ஒருவர் சொல்வதை 25 வாரம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், 30 வாரம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். குறைமாதத்தில் வலி வந்துவிட்டால் அந்த ஐந்து வார வித்தியாசத்தில்தான் குழந்தைக்கான சிகிச்சையே மாறும்.

'டேர்ம்' என்றால் 37 வாரம் நிறைந்தது. அதற்கு முன்னால் பிறந்தால் 'ப்ரீடேர்ம்', குறைமாதம். 42 வாரம் தாண்டினால் 'போஸ்ட் டேர்ம்'. ஆனால் 37-ஐத் தொட்டதும் குழந்தை முழுசாகத் தயார் என்று அர்த்தமில்லை. நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்த்து 37 வாரத்திலேயே சிசேரியன் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் கவனிக்க: மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்தால், நுரையீரலில் நீர் வடியாமல் குழந்தை மூச்சுத் திணறிப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் போய்ப் படுக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஜாதகம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 39-க்கு மேல் உள்ள நாட்களுக்குள் பாருங்கள்.

2. ஜி, பி, எல், ஏ

தேதிக்குக் கீழே 'ஜி3 பி1 எல்1 ஏ1' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். ஜி என்பது மொத்தம் எத்தனையாவது கர்ப்பம், இப்போதுள்ளதையும் சேர்த்து. பி என்பது, குழந்தை வெளியே பிழைக்கக்கூடிய காலத்தைத் தாண்டிய பிரசவங்கள். குழந்தை உயிரோடு பிறந்ததா இல்லையா என்பது இதில் கணக்கில்லை. எல் என்பது இன்று உயிரோடு இருக்கும் குழந்தைகள். ஏ என்பது அபார்ஷன்.

மேலே உள்ள வரியைப் பிரித்தால்: இது மூன்றாவது கர்ப்பம், ஒரு பிரசவம் ஆகியிருக்கிறது, அந்தக் குழந்தை இருக்கிறது, ஒருமுறை கரு கலைந்திருக்கிறது. இரட்டைக் குழந்தை பெற்றவருக்கு பி1 எல்2 என்று வரும். ஒரே பிரசவம், இரண்டு குழந்தை.

அபார்ஷன் என்றதும் நமக்குக் 'கருவைக் கலைத்தது' என்றே காதில் விழுகிறது. மருத்துவக் குறிப்பில் தானாகக் கலைந்ததும் அபார்ஷன்தான், மருத்துவர் கலைத்ததும் அபார்ஷன்தான். ஃபைலில் ஏ1 என்றிருப்பதை வைத்து யாரையும் விசாரணை செய்ய வேண்டாம். அதேபோல், வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று முந்தைய கருக்கலைப்பை மருத்துவரிடம் மறைப்பதும் ஆபத்து. கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (பிளசென்டா) ஒட்டும் விதம் மாறலாம்; ரத்த வகை நெகட்டிவ் என்றால் அப்போது ஊசி போட்டார்களா என்பதும் தெரிய வேண்டும். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகச் சொல்ல எப்போதும் உரிமை உண்டு.

முதல் கர்ப்பம் என்றால் 'ப்ரைமி'. உயரம் 145 செ.மீ.க்குக் குறைந்தவரை 'ஷார்ட் ப்ரைமி' என்று எழுதுவார்கள். இடுப்பெலும்பு குறுகலாக இருக்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை மட்டுமே அது, சிசேரியன் முடிவாகிவிட்டது என்பதல்ல. சொந்தத்தில் கட்டியவர்களா என்றும் கேட்டு எழுதுவார்கள். தாய்மாமனைக் கட்டியிருந்தால் 'இரண்டாம் டிகிரி', அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டியிருந்தால் 'மூன்றாம் டிகிரி'. சும்மா குடும்பக் கதை கேட்கிறார்கள் என்று நினைத்து 'தூரத்துச் சொந்தம்' என்று மழுப்பாதீர்கள். பரம்பரை நோய்களுக்கான சோதனையும், ஐந்தாம் மாத ஸ்கேனில் எதைக் கூர்ந்து பார்ப்பது என்பதும் இதை வைத்து முடிவாகும்.

தமிழ்நாட்டில் இந்தப் பக்கத்திலேயே பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், இருக்க வேண்டும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து வாங்கிவிடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவருக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான்.

3. ரத்தப் பரிசோதனைப் பக்கம்

ஹெச்.பி. என்பது ஹீமோகுளோபின். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமையானது. கடுமையானால் மாத்திரையோடு விட மாட்டார்கள்; ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மூலம் இரும்போ ரத்தமோ ஏற்றுவார்கள். 'ஹெச்.பி. கொஞ்சம் கம்மிதான்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராமல், எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகும். 12 உள்ளவர் தாங்கும் இழப்பை 7 உள்ளவர் தாங்க மாட்டார்.

ஐ.எஃப்.ஏ. என்பது இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் இரண்டும் சேர்ந்த மாத்திரை. முதல் மூன்று மாதம் ஃபோலிக் ஆசிட் மட்டும். நான்காம் மாதத்திலிருந்து 60 மி.கி. இரும்பு உள்ள மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி 180 நாள். ரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் ஹெச்.பி. ஏறவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் காபி டம்ளரில் இருக்கிறது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யாவோடு போட்டால் நன்றாகச் சேரும். காலையில் குமட்டினால் ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். கால்சியம் 500 மி.கி. மாத்திரை 14 வாரத்திலிருந்து தினம் இரண்டு, சாப்பாட்டோடு. பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மி.கி. முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு ஒரே ஒருமுறை.

ரத்த வகையில் 'ஆர்.ஹெச். நெகட்டிவ்' என்பது நோய் அல்ல. அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். அதன் ரத்தம் அம்மாவின் ரத்தத்தில் கலந்தால் அம்மாவின் உடம்பு அதற்கு எதிரணுக்களை உண்டாக்கும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த குழந்தைக்கு அது வினையாகும். எதிரணு உண்டாகிவிட்டதா என்று பார்ப்பது ஐ.சி.டி. பரிசோதனை, இங்கே நெகட்டிவ் வந்தால் நல்லது. அப்படி வந்தால் 28 வாரத்தில் ஆன்டி-டி ஊசி 300 மைக்ரோகிராம். பிறந்த குழந்தையின் ரத்த வகை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் இந்த ஊசி வேண்டும். அங்கேதான் மறந்துபோகிறது, ஏனென்றால் அன்று வீட்டில் யாரும் ஃபைலைத் திறக்கும் மனநிலையில் இருப்பதில்லை.

ஹெச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மூன்றும் தொற்று சோதனைகள், முறையே எச்.ஐ.வி., பால்வினை நோயான சிபிலிஸ், பி வகை மஞ்சள் காமாலை. இவற்றில் 'நான்-ரியாக்டிவ்' என்றால் தொற்று இல்லை. எட்டாம் மாதத்துக்கு மேல் என்.எஸ்.டி. என்று வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பை வரைபடமாக எடுப்பார்கள். அதில் 'ரியாக்டிவ்' என்று வந்தால்தான் நல்லது: குழந்தை அசையும்போது துடிப்பு கூடுகிறது என்று பொருள். 'நான்-ரியாக்டிவ்' என்றால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம் அல்லது சோர்ந்திருக்கலாம், மறுபடி எடுப்பார்கள்.

சர்க்கரைக்கு: 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை, சுருக்கமாக ஜி.டி.எம். சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம் என்பதுதான் இந்த முறையின் வசதி. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யா முன்னெடுத்த முறை இது. முதல் வருகையில் ஒன்று, அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. குடித்த அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. நர்ஸிடம் சொல்லி வேறொரு நாள் வாருங்கள். சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் 'நார்மல்' என்று பொய்யான முடிவு கிடைக்கும்.

4. பி.பி. கட்டமும் அதன் பக்கத்துக் கட்டமும்

ஃபைலில் ஒரே ஒரு இடத்தைத்தான் ஒவ்வொரு முறையும் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல், இரண்டிலும் சரி, ஒன்றில் மட்டும் ஏறியிருந்தாலும் சரி, அது உயர் ரத்த அழுத்தம். சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்து உறுதி செய்வார்கள். 160/110 தொட்டால் காத்திருக்க நேரமில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த கையோடு அளந்தால் பொய்யாக ஏறும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் இருந்து அளக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டத்தில் 'யூரின் ஆல்புமின்' என்று இருக்கும். 'நில்' என்றால் இல்லை, 'ட்ரேஸ்' என்றால் லேசாக, '1+' தொடங்கி மேலே போகப்போகக் கூடுதல். 20 வாரத்துக்கு மேல் பி.பி. ஏறியதோடு சிறுநீரில் புரதமும் சேர்ந்தால் அதன் பெயர் ப்ரீ-எக்ளாம்ப்சியா. வலிப்பும் வந்துவிட்டால் எக்ளாம்ப்சியா; பழைய தலைமுறை 'ஜன்னி கண்டுவிட்டது' என்று சொன்ன பிரசவ மரணங்களில் பலவற்றுக்குப் பின்னால் இது இருந்திருக்கும். வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் மக்னீசியம் சல்ஃபேட் ஊசி. லேபர் வார்டில் 'மாக்சல்ஃப்' என்பார்கள். போடும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் வீட்டில். நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது பக்கமாக வலி வரும். 'கேஸ்' என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். விடாத தலைவலி வரும். 'வெயில்ல அலைஞ்சது' என்று தைலம் தேய்ப்பார்கள். கண்ணில் பூச்சி பறக்கும், மங்கலாகும். காலில் மட்டும் மாலையில் வீங்கி, படுத்தெழுந்தால் வடிவது எல்லோருக்கும் உள்ளது. முகமும் கைவிரலும் காலையிலேயே வீங்கி மோதிரம் இறுகினால் அது வேறு. 20 வாரத்துக்கு மேல் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் ஓமத்தண்ணீரை வைத்துவிட்டு முதலில் பி.பி. பாருங்கள். ராத்திரி என்றால் 108.

5. ஸ்கேன் ரிப்போர்ட், வரி வரியாக

எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் மூன்று முக்கியம். 11 முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுப்பது என்.டி. ஸ்கேன்: கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்த்தடிமனை அளப்பது. 3.5 மி.மீ.க்குக் கூடினால் மேற்கொண்டு சோதனை. 18 முதல் 20 வாரத்தில் அனாமலி ஸ்கேன்: உறுப்புகள் சரியாக உருவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது. கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சி ஸ்கேன். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காதவை முதல் இரண்டும்.

ஒரு வளர்ச்சி ஸ்கேன் ரிப்போர்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'எஸ்.எல்.ஐ.யூ.ஜி. 33 வாரம் 2 நாள். செஃபாலிக். எஃப்.ஹெச்.ஆர். 142. பிளசென்டா போஸ்டீரியர், கிரேடு 2. ஏ.எஃப்.ஐ. 11. இ.எஃப்.டபிள்யூ. 2.0 கிலோ. சிங்கிள் லூப் ஆஃப் கார்டு அரவுண்ட் நெக்.'

முதல் சொல்: கர்ப்பப்பைக்குள்ளே, உயிரோடு, ஒரே ஒரு சிசு. செஃபாலிக் என்றால் தலை கீழே. 'ப்ரீச்' என்றால் பிட்டமோ காலோ கீழே. 32 வாரத்தில் ப்ரீச் என்றால் திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது, 37-லும் அப்படியே என்றால் பிரசவ முறையைப் பற்றிப் பேச வேண்டும். துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சரி. போஸ்டீரியர் என்பது நஞ்சு பின்சுவரில் இருக்கிறது என்பது; கிரேடு என்பது அதன் முதிர்ச்சி. முன்சுவரில் இருந்தால் 'ஆன்டீரியர்'. இரண்டும் ஒன்றுதான், துடிப்பு எண்ணிக்கையோ நஞ்சின் பக்கமோ ஆணா பெண்ணா என்று சொல்லாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினத்தைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்; ஸ்கேன் செய்தவர் 'பாலினத்தைக் கண்டறியவும் இல்லை, தெரிவிக்கவும் இல்லை' என்று கையெழுத்திட்ட வரி ரிப்போர்ட்டிலேயே இருக்கும்.

ஏ.எஃப்.ஐ. பனிக்குட நீரின் அளவு. 5-க்குக் கீழே என்றால் நீர் குறைவு, 25-க்கு மேல் என்றால் கூடுதல். 11 நல்ல எண். 15 இருந்தது 11 ஆகிவிட்டதே என்று இளநீர் குடத்தோடு ஓட வேண்டாம். கடைசி மாதங்களில் மெல்லக் குறைவது இயல்பு. எடை என்பது தலை, வயிறு, தொடையெலும்பு அளவுகளை வைத்துப் போடும் மதிப்பீடு. 15 சதவீதம் வரை முன்பின் போகும்: ரிப்போர்ட்டில் 3 கிலோ என்றால் பிறக்கும்போது 2.6-ம் இருக்கலாம், 3.4-ம் இருக்கலாம். கழுத்தில் கொடி ஒரு சுற்று என்பது படிக்கத்தான் பயம். நிறையக் குழந்தைகள் அப்படியே சுகப்பிரசவத்தில் பிறக்கின்றன. அது மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது.

'லோ லையிங் பிளசென்டா' என்று ஐந்தாம் மாதத்தில் எழுதியிருந்தால், நஞ்சு கர்ப்பப்பை வாய்க்கு அருகில் இருக்கிறது என்று பொருள். கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானவருக்கு அது மேலே ஏறிவிடும். 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். வாயையே மூடியிருந்தால் 'பிளசென்டா ப்ரீவியா'. வலியே இல்லாமல் சிவப்பாக ரத்தம் போகும். எவ்வளவு குறைவாகப் போனாலும் ஆஸ்பத்திரி, போனதும் முதல் வாக்கியமாக 'நஞ்சு கீழே இருக்கு' என்று சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது.

இனி தேதிச் சண்டை. எட்டாம் மாத ஸ்கேனில் வேறொரு இ.டி.டி. அச்சாகியிருக்கும். குழந்தையின் அளவைப் பார்த்து எந்திரம் ஊகித்த தேதி அது. அளவு சிறிதானால் தேதி தள்ளும், பெரிதானால் முந்தும். பிரசவத் தேதி மாறவில்லை. கருவின் நீளத்தை அளந்து சொல்லும் முதல் மூன்று மாத ஸ்கேன்தான் வயதைச் சரியாகச் சொல்லும், ஏனென்றால் அப்போது எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. 9 முதல் 13 வாரத்துக்குள் எடுத்ததில் எல்.எம்.பி. கணக்கோடு 7 நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மருத்துவர் தேதியைத் திருத்துவார். அதற்குப் பிறகு தேதி மாறாது. கடைசி ஸ்கேனின் தேதியை நம்பி 'இன்னும் ரெண்டு வாரம் இருக்கு' என்று வீட்டில் உட்கார்ந்தால், வளராமல் நின்றுபோன குழந்தையை நாள் குறைந்த குழந்தை என்று தவறாக எண்ணிவிடுவீர்கள். அந்த வளர்ச்சிக் குறைவுக்குத்தான் ஐ.யூ.ஜி.ஆர். அல்லது எஃப்.ஜி.ஆர். என்று பெயர்.

ஸ்கேனுக்கு இடைப்பட்ட நாட்களில் அசைவுதான் அளவுகோல். 28 வாரத்துக்கு மேல், சாப்பிட்டபின் இடது பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வர வேண்டும். வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். 'வளைகாப்புல ஆடினது, களைச்சிருக்கும்' என்பது சமாதானம், காரணம் அல்ல.

6. நிலைக்காத கர்ப்பங்களின் பெயர்கள்

'த்ரெட்டன்ட்': ரத்தம் படுகிறது, ஆனால் துடிப்பு இருக்கிறது, பல கர்ப்பங்கள் இதைத் தாண்டி நல்லபடியாகத் தொடரும். 'மிஸ்டு': துடிப்பு நின்றுவிட்டது, உடம்பு இன்னும் வெளியேற்றவில்லை. மாதவிலக்கு தள்ளிப்போவதைச் சொல்லும் 'மிஸ்டு' அல்ல இது. 'இன்கம்ப்ளீட்': பாதி வெளியேறி, மீதி உள்ளே தங்கியிருக்கிறது. 'எக்டோபிக்' என்பது குழாய்க் கர்ப்பம். இரண்டாம் மாதத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது, உயிருக்கு ஆபத்து. 'மோலார்' என்பது ஊரில் முத்துப்பிள்ளை என்று சொல்வது. திராட்சைக் குலை மாதிரி நஞ்சு மட்டும் வளர்வது. சுத்தம் செய்த பிறகும் மாதக்கணக்கில் ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அந்தக் காலத்தில் மறுபடி கருத்தரிக்கக் கூடாது.

எம்.டி.பி. என்றால் சட்டப்படி மருத்துவர் செய்யும் கருக்கலைப்பு. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது: 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும், 20 முதல் 24 வரை சில வகைப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர் கருத்து. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கிப் போடுவது இதில் சேராது. குழாய்க் கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுவிட்டு, ரத்தம் படுவதைக் கலைந்துவிட்டது என்று நினைத்திருப்பவர்கள் மயங்கிய நிலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

7. லேபர் வார்டில் காதில் விழுபவை

பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ அடங்கும். உண்மையான வலி இடுப்பிலிருந்து முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, முக்கால் நிமிடம் நீடிப்பது, ஒரு மணி நேரமாக அப்படியே என்றால் கிளம்பலாம். வீடு தொலைவில் என்றாலோ இரண்டாவது பிரசவம் என்றாலோ அதற்கும் முன்பே. 'ஷோ' என்பது ரத்தம் கலந்த சளி. பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். உடைந்த நேரத்தையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அதை 'மெக்கோனியம்' என்பார்கள்.

"ரெண்டு விரல் விட்டிருக்கு" என்று நர்ஸ் சொல்வது கர்ப்பப்பை வாய் ஏறத்தாழ மூன்று, நான்கு செ.மீ. திறந்திருப்பதை. முழுதும் திறந்தால் 10 செ.மீ. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி வேகமான கட்டம் தொடங்குவதே 5 செ.மீ.க்கு மேல்தான், அதற்கு முன் மணிக்கணக்கில் மெதுவாகப் போவது இயல்பு. வெளியே நிற்பவர்கள் 'இன்னும் ரெண்டு விரல்லயே நிக்குதாம்' என்று அழுவதற்கு அதில் ஒன்றுமில்லை. 'ஏ.ஆர்.எம்.' என்றால் பனிக்குடத்தை அவர்களே உடைத்துவிடுவது, 'இன்டக்‌ஷன்' என்றால் மருந்து வைத்து வலியை வரவழைப்பது, 'எபிசியாட்டமி' என்றால் பிறப்புறுப்பு ஓரத்தில் போடும் சிறு வெட்டு. எல்.எஸ்.சி.எஸ். என்பது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் சிசேரியன்.

பி.பி.ஹெச். என்பது பிரசவத்துக்குப் பின் மிதமிஞ்சிய ரத்தப்போக்கு: சுகப்பிரசவத்தில் 500 மி.லி., சிசேரியனில் 1,000 மி.லி. தாண்டினால். அதைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால் அது தீட்டு அல்ல, ஆபத்து. சாதாரணத் தீட்டு மூன்று நான்கு நாள் சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு வெளிர்மஞ்சளாகி நிற்கும். வெளிறிய பிறகு நாற்றமும் காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்று.

8. டிஸ்சார்ஜ் சம்மரி

கையில் வாங்கியதும் அங்கேயே நின்று ஐந்து இடம் பாருங்கள். சிசேரியன் என்றால் காரணம் எழுதியிருக்கிறதா, வெட்டு எந்த வகை. குழந்தை பிறந்த நேரம், எடை, 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடைக் குறைவு. 'சி.ஐ.ஏ.பி.' என்றால் பிறந்ததும் அழுதது. 'ஆப்கார் 8/10, 9/10' என்பது முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போட்ட மதிப்பெண். 7 அல்லது அதற்கு மேல் நன்று, பள்ளிக்கூட மார்க் மாதிரி அக்கம்பக்கத்தோடு ஒப்பிட வேண்டியதில்லை. பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ்-பி, வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா. அம்மா நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்த வகையும் ஆன்டி-டி போட்ட நேரமும்.

ஐந்தாவது, கருத்தடை. 'பி.பி.ஐ.யூ.சி.டி.' என்று எழுதியிருந்தால் பிரசவத்தோடு காப்பர்-டி வைத்திருக்கிறார்கள். 380-ஏ வகை 10 ஆண்டு, 375 வகை 5 ஆண்டு. உங்களிடம் கேட்டு, நீங்கள் சம்மதித்த பிறகுதான் வைக்க வேண்டும். எழுதியிருப்பது புரியவில்லை என்றால் கேட்காமல் கிளம்பாதீர்கள். 'அந்தரா' மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 'சாயா' மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இதைத் தினம் போடும் மாத்திரையோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தாய்ப்பாலே கருத்தடை என்பது மூன்றும் சேர்ந்திருந்தால்தான்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, தாய்ப்பால் தவிரச் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கணவர் வாசக்டமி செய்துகொண்டால் மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும், விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வரும்வரை.

குழந்தை பிறந்த முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவதை 'ப்ளூஸ்' என்பார்கள். இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அடங்காமல் தூக்கமும் பசியும் போய், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது மனச்சோர்வு. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். காதில் குரல் கேட்கிறது, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் அன்றே ஆஸ்பத்திரி. 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் இரண்டு நாளில் எதுவும் நடந்துவிடலாம்.

ஃபைலைத் தூக்கிப் பரண்மேல் போடாதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் கேள்வியே போன சிசேரியனின் வெட்டைப் பற்றித்தான் இருக்கும்; சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படமெடுத்து வையுங்கள். ஸ்கேன் படமும் என்.எஸ்.டி. தாளும் சூட்டில் அச்சாகும் காகிதம், வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். ஆசையாக லேமினேட் செய்யக் கொடுத்தால் அந்தச் சூட்டில் முழுக்கக் கறுத்துத்தான் திரும்பி வரும்.